ஆச்சி மனோரமாவின் மேடையும் திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனோரமா மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் அவருடைய காட்சிகள் ஏதாவது ஒரு வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. "காமெடி நடிகை" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மனசு ஆறாத விஷயம். அவர் நாடக மேடை வளர்த்த நடிகை. அந்த மேடையைச் சொல்லாமல் அவர் நடிப்பைப் பற்றிப் பேசவே முடியாது. என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும், நானே தேடிப் போன கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மனோரமாவின் சொந்தப் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்?

கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டதால், கைக்குழந்தையோடு அம்மா ஊரை விட்டுக் கிளம்பி, காரைக்குடி பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் கோபிசாந்தாவின் பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றுபோனது.

"ஆச்சி" என்று ஏன் அழைக்கிறார்கள்?

பள்ளத்தூர் செட்டிநாட்டு ஊர். அந்தப் பக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல் ஆச்சி. அவர் வளர்ந்த மண்ணின் பேச்சு அவர் நாக்கில் கடைசி வரை இருந்தது, பெயரும் அதிலிருந்தே வந்து ஒட்டிக்கொண்டது. சின்ன வயதில் நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு அவர் "பள்ளத்தூர் பாப்பா". பாப்பா ஆச்சியானது வரைக்கும் உள்ள கதைதான் இந்தப் பக்கம் முழுக்க.

மேடைக்கு எப்படி வந்தார்?

தற்செயலாக. "அந்தமான் காதலி" என்ற நாடகத்தில் நடிக்க வேண்டியவர் வராமல் போக, பன்னிரண்டு வயசுப் பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அந்த நாடகத்தின் இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியம் வாசித்த தியாகராஜனும் சேர்ந்து வைத்த பெயர்தான் மனோரமா.

யாரோ வராத இடத்தில் போய் நின்று பேர் வாங்குவது அவருக்கு இன்னொரு முறையும் நடந்தது. எஸ்.எஸ். ராஜேந்திரன் நாடகக் குழுவிலும் முதலில் அப்படித்தான் வாய்ப்பு கிடைத்தது. வசனத்தைப் பேசிக் காட்டச் சொன்னார்கள், பேசிக் காட்டினார், "மணிமகுடம்" நாடகத்தில் இடம் கிடைத்தது. அப்புறம் அந்தக் குழுவிலேயே "தென்பாண்டி வீரன்", "புதுவெள்ளம்" என்று தொடர்ந்தார்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் வரவில்லை என்றதும் அந்த வேடத்தின் வசனம் இன்னொருவர் வாயில் தயாராக இருக்கிறது என்றால், அந்தப் பெண் தினமும் ஓரமாக நின்று எல்லோருடைய வசனத்தையும் காதால் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

நாடகம் அவருக்கு என்ன கற்றுக் கொடுத்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து ஊர் நாடகங்களை நினைத்துப் பாருங்கள். கொட்டகையோ திறந்த வெளியோ, மேடை முன்னால் ஒன்றிரண்டு மைக்தான் தொங்கும். பேசுபவர் மைக் பக்கம் வந்து பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர வேண்டும். அப்படி நகர்வதும் நடிப்பின் பகுதியாகவே தெரிய வேண்டும். பின்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு முகம் தெரியாது, குரல் மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் கோபம், அழுகை, நையாண்டி எல்லாவற்றையும் குரலிலேயே வைக்கப் பழக வேண்டும். சபையில் சிரிப்பு எழுந்தால் அது அடங்கும் வரை காத்திருந்து அடுத்த வரியை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் வசனம் காதில் விழாது, தாமதமானால் சூடு ஆறிவிடும். இந்தக் கணக்கை யாரும் பாடம் நடத்திச் சொல்லித் தர முடியாது, சபைதான் சொல்லித் தரும்.

மனோரமாவின் எந்தப் படத்தையாவது படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். யார் பேசுகிறார், எந்த ஊர், எத்தனை வயது, அந்த நிமிடம் உள்ளே என்ன ஓடுகிறது, எல்லாம் தெரியும். என் பாட்டிக்குக் கண் பார்வை மங்கிய பிறகும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து "ஆச்சி வந்துட்டா" என்று சிரிப்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

இன்னொன்று, பாட்டு. ஆர்மோனியத்துக்குச் சுதி சேர்த்துப் பாடத் தெரியாவிட்டால் அன்றைக்கு மேடையில் நிற்பதே கஷ்டம். அந்தப் பாட்டுப் பழக்கம் சினிமாவில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தார் என்பது உண்மையா?

உண்மை. அண்ணாவுடனும் கலைஞருடனும் நாடக மேடையில் நடித்தார். கலைஞர் நடித்த "உதயசூரியன்" நாடகத்தில் அவரும் உண்டு. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி. ராமராவ் ஆகிய மூவருடனும் திரையில் நடித்தார். இதை ஒரு சாதனைப் பட்டியல் மாதிரி சொல்வார்கள். திராவிட இயக்கம் நாடகத்தைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திய காலத்தில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு அந்த மேடைகள் வேலையும் சோறும் கொடுத்தன என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகத் தெரிகிறது.

முதல் தமிழ்ப் படம் எது?

"மாலையிட்ட மங்கை", 1958. கண்ணதாசன் தயாரித்த படம், டி.ஆர். மகாலிங்கம் கதாநாயகன். "செந்தமிழ்த் தேன்மொழியாள்" பாட்டு இருக்கும் படம் என்றால் உடனே ஞாபகம் வரும். இதற்கு முன்பே ஒப்புக்கொண்ட படங்கள் பாதியில் நின்றுபோயின.

அதில் அவருக்கு நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அது உடனே பிடிக்கவில்லை. கதாநாயகியாக நடித்தால் மூன்று நான்கு வருஷம்தான் நிற்கலாம், நகைச்சுவை என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாகப் பிற்காலத்தில் மனோரமாவே நன்றியோடு நினைவுகூர்ந்தார். கவிஞரின் கணிப்பு ஐம்பது வருஷத்துக்கு மேல் பலித்தது.

கதாநாயகியாக நடித்ததே இல்லையா?

நடித்தார். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "கொஞ்சும் குமரி"யில் அவர்தான் கதாநாயகி, ஜோடி ஆர்.எஸ். மனோகர். அந்த வழியில் அவர் தொடர்ந்து போகவில்லை.

நாகேஷுடன் எத்தனை படம்? அந்த ஜோடியில் என்ன விசேஷம்?

எண்ணிக்கையை விடுங்கள், அறுபதுகளில் அந்த இருவரும் சேர்ந்து வராத படத்தைத் தேடுவதுதான் சிரமம். "அன்பே வா"வில் எம்.ஜி.ஆரின் காதல் கதை ஒரு பக்கம் போக, இன்னொரு பக்கத்தை இவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.

நாகேஷ் உடம்பால் நடிப்பவர். கை, கால், கழுத்து எல்லாம் தனித்தனியாக ஓடும். அவர் பக்கத்தில் நிற்பவர் அவரைவிட வேகமாக ஓடப் பார்த்தால் காட்சி சிதறிப்போகும். மனோரமா அதைச் செய்ய மாட்டார். கால் ஊன்றி நின்று குரலால் பதில் கொடுப்பார். கே. பாலச்சந்தரின் "அனுபவி ராஜா அனுபவி" (1967) படத்தில் "முத்துக்குளிக்க வாரீகளா" பாட்டைப் பாருங்கள். பாடியது டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும். ஆனால் அந்த "வாரீகளா"வுக்கு மனோரமா காட்டும் முகம் இருக்கிறதே, குரலும் அவருடையதுதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

ஜில் ஜில் ரமாமணியை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

"தில்லானா மோகனாம்பாள்" (1968) கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, டி.எஸ். பாலையா, நாகேஷ், பாலாஜி என்று ஒவ்வொரு சட்டகத்திலும் ஜாம்பவான்கள். அதில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வருகிறார் மனோரமா. வரும் நேரம் கம்மி. படம் முடிந்து வெளியே வரும்போது சிவாஜி, பத்மினிக்கு அடுத்தபடி வாயில் வரும் பெயர் ரமாமணிதான்.

இதை யோசித்துப் பாருங்கள். நாகராஜன் சின்ன வயதில் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் இருந்தவர். சிவாஜியும் பாலையாவும் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். மனோரமா பள்ளத்தூர் மேடையிலிருந்து வந்தவர். நாடகக் கொட்டகையின் வாசனை தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு நாடகக்காரியைக் காட்டுகிறார்கள். அதனால்தான் ரமாமணியைக் கேலிப் பொருளாக்கி விடவில்லை. அவள் பேச்சில் வெள்ளந்தித்தனம் இருக்கும், கொஞ்சம் பகட்டு இருக்கும். சிவாஜி நடித்த நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்கும்போது ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குக் கொடுக்கும் மரியாதை இருக்கும். அவர் மனசு வேறொருத்தியிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவள் அன்பில் குறை வராது. அந்தக் காலத்தில் "நாடகக்காரி" என்பது வசைச்சொல் மாதிரி. அதே சொல்லைத் தலை நிமிர்த்திச் சொல்லும் ஒரு பெண்ணாக ரமாமணியை நிற்க வைத்தார் மனோரமா.

அந்தப் படத்தில் அவர் மேடையேறி ஆடும் "பாண்டியன் நானிருக்க" பாட்டையும் விட்டுவிடாதீர்கள். பெரிய சபையைப் பார்த்துப் பழகிய கண் அது. கேமரா எங்கே இருக்கிறது என்று தேடாது, கடைசி வரிசையைத் தேடும்.

சொந்தக் குரலில் பாடியிருக்கிறாரா?

நிறைய. சட்டென்று சொல்ல வேண்டுமானால் "பொம்மலாட்டம்" (1968) படத்தில் வி. குமார் இசையில் "வா வாத்யாரே ஊட்டாண்ட". திரையில் உடன் இருப்பவர் சோ. மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர் அத்தனை சுத்தமான மெட்ராஸ் பாஷையில், அதுவும் தாளத்துக்குள் நின்று, சிரிப்பு மாறாமல் பாடுகிறார். கால் நூற்றாண்டு கழித்து "மே மாதம்" (1994) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் "மெட்ராஸ சுத்தி" பாட்டிலும் அவர் குரல் வரும். மெட்ராஸ் என்றால் மனோரமாவைக் கூப்பிடு என்று இசையமைப்பாளர்களுக்கே தோன்றியிருக்கிறது.

வட்டாரப் பேச்சுகளை எப்படி இத்தனை சுத்தமாகப் பேசினார்?

நாடகக் குழு ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு ஊரிலும் சந்தை, சத்திரம், தண்ணீர்க் குழாய் என்று புதுப் பேச்சு காதில் விழும். படிப்பு பாதியில் நின்றவருக்குக் காதுதான் புத்தகம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பலர் வட்டார வழக்கு என்றால் நான்கு சொற்களை மாற்றிப் போடுவார்கள், இழுத்துப் பேசுவார்கள், அதோடு சரி. மனோரமா சொற்களுக்கு முன்னால் மூச்சை மாற்றுவார். மெட்ராஸ்காரியாக இருந்தால் மூச்சு வாங்காமல் கொட்டுவார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியம்மாவாக இருந்தால் ஒரு வாக்கியத்துக்கு நடுவில் வெற்றிலையை ஒதுக்குகிற அளவுக்கு இடம் விடுவார். பிராமண வீட்டு மாமியாக வந்தால் குரல் மூக்குப் பக்கம் ஏறும்.

"கம்முனு கெட" காட்சி எந்தப் படம்?

விசு இயக்கி ஏவி.எம். தயாரித்த "சம்சாரம் அது மின்சாரம்" (1986). வீட்டு வேலை செய்யும் கண்ணம்மாவாக மனோரமா, எதிரில் சம்பந்தியாக கிஷ்மு. பேச்சிலேயே நடக்கும் சண்டை அது, ஏறத்தாழ ஒரு மேடைக் காட்சி. விசுவும் நாடகத்திலிருந்து வந்தவர்தான், காட்சியை வெட்டி வெட்டி எடுக்காமல் நடிப்பவர்களை நம்பி விட்டிருக்கிறார். "கண்ணம்மா" என்று விசு குறுக்கே அடக்கப் பார்க்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த இரண்டு சொல்லை எறிவார். ஒவ்வொரு முறையும் அதே சொல், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு சுருதி. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதை அந்தப் படம் வாங்கியது. கண்ணம்மா இல்லாமல் அந்தப் படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நகைச்சுவையிலிருந்து அம்மா வேடங்களுக்கு எப்போது மாறினார்?

மாறினார் என்பதைவிட, அதையும் சேர்த்துக்கொண்டார் என்பதே சரி. "அபூர்வ சகோதரர்கள்" (1989) முனியம்மா, "சின்ன தம்பி" (1991) படத்தில் பிரபுவின் தாய், "சின்ன கவுண்டர்" (1992) படத்தில் விஜயகாந்தின் தாய் என்று வரிசையாக வந்தன. சின்ன கவுண்டரில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்செட்டு வைத்துக்கொண்டு நடித்தார். முதலில் அந்தப் பல்லைப் பார்த்துச் சிரிப்போம், கொஞ்ச நேரத்தில் பல் இருப்பதே மறந்து அந்தத் தாயோடு அழுதுகொண்டிருப்போம்.

இதற்கு நடுவில் "நடிகன்" (1990). கல்யாணமாகாமலே வயதான பெண்ணுக்கு, முதியவர் வேஷத்தில் வரும் சத்யராஜ் மேல் காதல் வருகிறது. எல்லோரும் சிரிப்பதற்காக எழுதிய பாத்திரம். நானும் சிரித்தேன். ஆனால் வெட்கப்படும்போது அவர் கண்ணில் வரும் ஆசையைப் பார்த்து ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்தது. இத்தனை வருஷம் யாரும் கேட்காத ஒரு பெண்ணின் ஆசை அது. நகைச்சுவைக்குள்ளேயே இப்படி ஒரு வலியை வைக்க எல்லோராலும் முடியாது.

தேசிய விருது எந்தப் படத்துக்கு?

பார்த்திபன் முதன்முதலாக இயக்கிய "புதிய பாதை" (1989). சிறந்த துணை நடிகைக்கான விருது. 2002-இல் பத்மஸ்ரீ. தமிழக அரசின் கலைமாமணியும் உண்டு.

மொத்தம் எத்தனை படங்கள்?

ஆயிரத்தைத் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார். வாழ்நாள் கணக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றும், மேடை ஏறியது ஐயாயிரம் முறை என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள். தமிழைத் தவிர தெலுங்கு, மலையாளம், இந்தி, கன்னடம் ஆகிய மொழிகளிலும் நடித்தார். இந்தியில் மெஹ்மூத்தின் "குன்வாரா பாப்" (1974), தெலுங்கில் "அருந்ததி" (2009) ஆகியவை பலருக்கும் தெரிந்தவை.

"16 வயதினிலே" குருவம்மா அவர்தானே?

இல்லை, அது காந்திமதி. பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். காந்திமதியும் மகத்தான நடிகை, அவருக்கு உரிய பெயரை அவருக்கே கொடுப்போம்.

ரஜினிக்கும் அவருக்கும் மனக்கசப்பு இருந்ததா?

1996 தேர்தலில் மனோரமா அ.தி.மு.க.வுக்காகப் பிரச்சாரம் செய்தார், ரஜினி எதிரணிக்கு ஆதரவு. மேடைகளில் அவர் ரஜினியைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். தேர்தலுக்குப் பிறகு அவருக்குப் பட வாய்ப்புகள் வற்றின. அந்த நேரத்தில் "அருணாச்சலம்" (1997) படத்தில் அவரை நடிக்க வைத்தவர் ரஜினிதான். பேசியவரும் அதை மறைக்கவில்லை, கேட்டவரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் மீதும் எனக்கு மரியாதை கூடிய இடம் இது.

சொந்த வாழ்க்கை எப்படி இருந்தது?

நாடகக் குழுவில் உடன் இருந்தவரை 1964-இல் மணந்தார். இரண்டே வருஷத்தில் அந்தத் திருமணம் முறிந்தது. கைக்குழந்தையோடு தனியாக நின்றார், தன் அம்மா நின்றது போலவே. "தில்லானா", "பொம்மலாட்டம்" எல்லாம் அதற்கு அடுத்த இரண்டு வருஷத்துக்குள் வந்த படங்கள் என்பதை நினைத்துக்கொண்டு அவற்றைப் பாருங்கள்.

கடைசிக் காலத்தில் நடித்தாரா?

உடம்பு ஒத்துழைத்த வரை. "சாமி" (2003), "இம்சை அரசன் 23ஆம் புலிகேசி" (2006), "சிங்கம்" (2010) எல்லாம் இளம் தலைமுறைக்குத் தெரிந்த ஆச்சி. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். வயது 78.

அவர் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

முதலில் "தில்லானா மோகனாம்பாள்", மறுநாள் "சம்சாரம் அது மின்சாரம்". அதற்கு அடுத்து "நடிகன்". மூன்றையும் பார்த்த பிறகு, ஏதாவது ஒரு காட்சியைத் திரையை மூடி வைத்துக் காதால் மட்டும் கேளுங்கள். பள்ளத்தூர் மேடையில் பின்வரிசைக் கிழவிக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும்.